போலோ ஜிடி, அபார்த் புன்டோ, ஐ20 என் லைன்: மதுரையில் பழைய வேகக் கார் எடுக்கும் முன்

பைபாஸ் ரோட்டிலும் ரிங் ரோட்டிலும் பழைய கார் கடைகளைச் சுற்றி வரும் தம்பிகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "அண்ணே, போலோ ஜிடி எடுக்கவா, அபார்த் எடுக்கவா, இல்ல இன்னும் கொஞ்சம் காசு போட்டு என் லைனே எடுத்துரவா?" இரண்டு கதவு, இரண்டு சீட்டு என்று வரும் அசல் ஸ்போர்ட்ஸ் கார் நம் ஊர்ச் சந்தையில் அபூர்வம். மாதச் சம்பளக்காரர் கைக்கு எட்டுகிற வேகம் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி, ஃபியட்டின் அபார்த் புன்டோ, ஹூண்டாய் ஐ20 என் லைன் (N Line) என்கிற இந்த மூன்றில்தான் இருக்கிறது.

எது வேகம் என்று சண்டை போட வேண்டாம், அபார்த்தான். 1.4 டி-ஜெட் எஞ்சின், 145 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 9 வினாடிக்குள் தொடும் என்று கம்பெனியே சொன்ன கார். போலோ ஜிடி டிஎஸ்ஐ 105, என் லைன் 120. பழைய கார் வாங்கும்போது நான் பார்ப்பது வேறு. மூன்றிலும் எது கெடும் என்பது ஊரறிந்த விஷயம். அந்தக் கோளாறு, நாம் பணம் கொடுப்பதற்கு முன்னால் கண்ணிலோ காதிலோ படுமா என்பதுதான் கேள்வி. படும் என்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், அல்லது விலகலாம். படாது என்றால் அந்தக் காரின் பளபளப்புக்கு எந்த மதிப்பும் இல்லை.

இந்தக் கணக்கில் அதிகம் இடிப்பது 2013-இல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ எஞ்சின் மீது எனக்குப் பெரிய புகார் இல்லை. இரவு முழுக்க ஆறிக் கிடந்த வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கிலுகிலுவென்று சங்கிலிச் சத்தம் வந்தால் மட்டும் ஒதுங்கிவிடுங்கள். பிரச்சினை அதன் கியர்பாக்ஸில். டிகியூ200 என்கிற 7 கியர் டிஎஸ்ஜி அது, கிளட்ச் பெடல் இல்லாமல் தானாகவே கியர் மாற்றும். உள்ளே இரண்டு உலர் கிளட்ச். ஒன்று 1, 3, 5, 7 கியர்களைப் பார்த்துக்கொள்ளும். மற்றது 2, 4, 6 மற்றும் ரிவர்ஸை. ஆயிலில் மூழ்காத கிளட்ச் என்பதால் சூடு சீக்கிரம் தணியாது. மே மாத மதியத்தில் கோரிப்பாளையம் சிக்னலில் பிரேக்கை விட்டு விட்டு ஊர்ந்து போவதுதான் அதற்குப் பெரிய தண்டனை.

கிளட்ச் தேய்ந்திருந்தால் நாமே கண்டுபிடிக்கலாம். அரை மணி நேரம் ஊருக்குள் ஓட்டி வண்டியை நன்றாகச் சூடாக்குங்கள். பேஸ்மென்ட் பார்க்கிங்கிலிருந்து மேலே ஏறும் சரிவு கிடைத்தால் போதும். அங்கே நிறுத்தி, ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஏற விடுங்கள். சீட்டுக்கு அடியில் தடதடவென்று உதறினால் முதல் கிளட்ச் போயிருக்கிறது. அதே சரிவில் ரிவர்ஸில் ஏற்றுங்கள். அப்போது உதறினால் இரண்டாவது. ஏசியைப் போட்டுக்கொண்டே செய்யுங்கள், சுமை கூடினால்தான் சங்கதி வெளியே வரும்.

ஆனால் மெக்கட்ரானிக்ஸ் என்கிற பகுதி இப்படிக் காட்டிக்கொடுக்காது. கியர்களையும் கிளட்சுகளையும் ஆயில் அழுத்தத்தால் இயக்கும் மூளை அது. அழுத்தத்தைச் சேமிக்கும் உருளை பொருந்தியிருக்கும் இடத்தில் அலுமினிய உடல் விரிசல் விடும், ஆயில் வடியும், டேஷ்போர்டில் ஸ்பானர் குறி மின்னும், கார் நின்ற இடத்திலேயே நிற்கும். அதற்கு முந்தைய நாள் வரை வெண்ணெய் மாதிரி கியர் மாறியிருக்கும். மாற்றும் செலவு லட்சத்தைத் தாண்டும். 2013-இல் இந்த கியர்பாக்ஸுக்காக உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, சிந்தெடிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றினார்கள் என்றால் விஷயம் எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் சர்வீஸ் ஹிஸ்டரியில் 'மெக்கட்ரானிக்ஸ் மாற்றப்பட்டது' என்று இருந்தால் பலர் பயந்து ஓடுகிறார்கள். நான் அந்த வண்டியைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். தேதியும் கிலோமீட்டரும் போட்ட பில் இருந்தால், பெரிய செலவை முந்தைய ஓனரே ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். பில் இல்லாத வண்டிக்கு அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

போலோ மேல்தான் ஆசை என்றால் இன்னொரு வழி உண்டு. 2020-இல் பிஎஸ்6 என்கிற புகை விதி வந்தபோது ஜிடிக்கு 1.0 லிட்டர் டிஎஸ்ஐ எஞ்சினும், உலர் கிளட்ச்சுக்குப் பதிலாக ஆயில் வழியே சக்தியைக் கடத்தும் 6 கியர் டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக்கும் போட்டார்கள். 110 குதிரைத்திறன். அதே எஞ்சினோடு 6 கியர் மேனுவலும் கிடைக்கும். போலோ விற்பனை 2022-இல் நின்றாலும் இந்த எஞ்சின் குடும்பம் டைகுனிலும் விர்டஸிலும் தொடர்வதால் ஸ்பேர் பற்றிய கவலை குறைவு. டிஎஸ்ஜியின் கியர் மாற்ற வேகம் இதில் இல்லை என்பது உண்மைதான். எனக்கு அந்த இழப்பு சம்மதம்.

அப்புறம் அபார்த். 2015 அக்டோபரில் வந்தது, 5 கியர் மேனுவல், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். இந்தக் காரில் எனக்குப் பிடித்ததே அதன் குறைகள் பெரும்பாலும் வெளிப்படையாக இருப்பதுதான். தரையிலிருந்து 155 மில்லிமீட்டர்தான் உயரம். நம் ஊர் வேகத்தடைகளை நினைத்துக்கொண்டு லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள்: முன் பம்பரின் அடி உதடு, ஆயில் சம்ப், எக்ஸாஸ்ட் பைப் மூன்றிலும் உரசல் எவ்வளவு என்று தெரிந்துவிடும். சஸ்பென்ஷன் புஷ் போயிருந்தால் உடைந்த தெருவில் மெதுவாகப் போகும்போதே டொக் டொக்கென்று கேட்கும். டர்போவைப் பார்க்க ஒருவர் பின்னால் பைக்கில் வரட்டும். ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. நத்தம் மேம்பாலம் ஏழே கால் கிலோமீட்டர் நேராகக் கிடக்கிறது என்று அங்கே கொண்டுபோய் மிதித்துப் பார்க்கிறார்கள். வேண்டாம், ஆபத்து. மூன்றாவது கியரில் 40-லிருந்து 80 வரை தயங்காமல் இழுக்கிறதா என்று காலியான சாலையில் பார்த்தால் போதும்.

அபார்த்தில் மறைந்திருக்கும் ஒரே பூதம் டைமிங் பெல்ட். ஓடிய தூரம் குறைவு என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். ரப்பருக்கு வயதும் கணக்கு. பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு, வாங்கிய வாரமே வாட்டர் பம்ப்போடு சேர்த்து மாற்றுங்கள். அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே போய்விடும்.

பிஎஸ்6-க்கு முன்பே இங்கே ஃபியட் கார் விற்பனை முடிந்துபோனது. எஞ்சின் பாகங்களுக்கு லினியா டி-ஜெட் கைகொடுக்கும், கதவு, கண்ணாடிக்கு சாதாரண புன்டோ. ஆனால் அபார்த்துக்கென்றே வந்த பம்பர், வீல், சீட்டு உடைந்தால் தேடித்தான் பிடிக்க வேண்டும், வண்டி வாரக்கணக்கில் ஷெட்டில் கிடக்கும். வீட்டில் இருப்பதே ஒரு கார்தான், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும் அதில்தான் என்றால் அபார்த் வேண்டாம். இன்னொரு வண்டி இருக்கிறவர், ஃபியட் கை தெரிந்த மெக்கானிக்கை முதலில் பிடித்துவிட்டு அப்புறம் காரைத் தேடட்டும்.

ஐ20 என் லைன் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, நம்பகத்தன்மையில் அதுவே நல்ல சகுனம். 2021 செப்டம்பரில் வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிற கார். சர்வீஸுக்கு அலைய வேண்டாம். டிஎஸ்ஜி போலவே இரட்டை கிளட்ச் கொண்ட 7 கியர் டிசிடி உள்ள வண்டியிலும் உலர் கிளட்ச்தான், ஆகவே அந்தச் சரிவுச் சோதனை இதற்கும் உண்டு. ஆரம்பத்தில் வந்த ஐஎம்டியில் கிளட்ச் பெடல் கிடையாது, கிளட்ச்சை ஒரு கருவி அழுத்தும். 2023 செப்டம்பருக்குப் பிறகு சாதாரண 6 கியர் மேனுவல் வந்தது. கிடைத்தால் அதைத்தான் எடுப்பேன். ஸ்டீயரிங்கில் அபார்த் தரும் உயிர் இதில் இல்லை. அதைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள்.

மூன்றுக்கும் பொதுவானவற்றில் முதலாவது வெள்ளம். 2015 டிசம்பரில் சென்னையில் மூழ்கிய கார்கள் நிறைய. போலோவும் அபார்த்தும் அந்த வயதுக் கார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் என் லைனுக்கும் பொருந்தும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டு கிடக்கும் கடைசி அடி நாடாவை யாரும் கழுவுவதில்லை. அதில் ஒரு கோடாகப் பழுப்புச் சேறு இருந்தால் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதே தெரியும். சீட்டின் அடித்தண்டவாளத் துருவையும் விரலால் தடவிப் பாருங்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ் தாள். நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம் என்றிருந்தால், அந்த ஓனர் குறைந்தது ஐந்து வருடமாக கிளெய்ம் செய்யவில்லை. பூஜ்யம் என்றிருந்தால் ஏன் என்று கேளுங்கள்; போன வருடம் எங்கேயோ இடித்திருக்கலாம், அல்லது போனஸ் பழைய ஓனரோடு போயிருக்கலாம்.

ரீமேப் செய்த, அதாவது சக்தியைக் கூட்ட எஞ்சின் சாஃப்ட்வேரை மாற்றிய வண்டியை நான் தொடமாட்டேன். போலோவின் டிகியூ200 தாங்கக்கூடிய முறுக்குவிசையே 250 நியூட்டன் மீட்டர். கம்பெனி கொடுத்த 175-ஐ அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, விற்கும்போது சாஃப்ட்வேரைப் பழையபடி மாற்றிவிடுவார்கள். சாஃப்ட்வேர் மாறும், தேய்ந்த கிளட்ச் மாறாது. பெரிய இன்டேக் ஃபில்டர், மாற்றிய எக்ஸாஸ்ட், போல்ட்டில் ஸ்பானர் தடம் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பெங்களூரிலிருந்து வரும் கேஏ வண்டிகள் விலையில் இனிக்கும். என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று, இங்கே கட்ட வேண்டிய வரி இரண்டின் செலவையும் கூட்டி, மதுரைப் பதிவான டிஎன் 58, 59, 64 வண்டியின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2013 போலோவுக்கு 2028-இல் ஆர்சி புதுப்பிக்கும் செலவும் காத்திருக்கிறது.

கடைசியாக, காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர். கோளாறுக் குறியீடு எதுவும் இல்லை என்று காட்டினால் உடனே திருப்திப்பட வேண்டாம். 'குறியீடுகளை அழித்த பிறகு ஓடிய தூரம்' என்று ஒரு எண் அதிலேயே வரும். அது 12 கிலோமீட்டர் என்றிருந்தால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்னால்தான் யாரோ துடைத்திருக்கிறார்கள். அப்படியானால் 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி ஸ்கேன் செய்யலாம் என்று கேளுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் சீட்டிலும் அதை எழுதி வாங்குங்கள்: கியர்பாக்ஸ் கோளாறுக் குறியீடு வந்தால் பணம் திரும்ப வேண்டும். விற்பவர் சம்மதித்தால் பேரத்தைத் தொடருங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.