கூரையில் ஒரு சீனச் சோலார் செட்: அதன் உழைப்பும் அதைச் செய்த நாட்டின் சோசலிசமும்

யாங்கோனில் மின்சாரம் எப்போது வரும் என்று பார்த்துச் சோறு வடிக்கவும் தண்ணீர் ஏற்றவும் பழகிவிட்ட பர்மாத் தமிழர்களாகிய நம்மவர் வீடுகள் பலவற்றில் இப்போது சீனச் சோலார் செட் ஏறியிருக்கிறது. யாங்கோனின் தாமுவே பகுதியில் உள்ள எங்கள் வீட்டுத் தகரக் கூரையிலும் அப்படி ஒன்றை மாட்டியிருக்கிறோம். 550 வாட் தகடுகள் நான்கு, 3 கிலோவாட் இன்வெர்ட்டர் ஒன்று, 51.2 வோல்ட்டில் 100 ஆம்பியர்-மணி கொள்ளும் லித்தியம் பேட்டரி ஒன்று, இவற்றோடு கம்பியும் இரும்புச் சட்டமும் சேர்ந்ததுதான் முழுத் தொகுதி. விலையை நம் ஊர் நாணயமான கியாட்டில் எழுதினால் இதை நீங்கள் படிக்கும் நாளில் அது தவறாகியிருக்கும் என்பதால், இதே அளவுக்கு ஜெனரேட்டர் வைத்து டீசல் ஊற்றுவதோடு ஒப்பிட்டால் நெடுநாளில் மலிவு என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

முதலில் உழைப்பைச் சொல்ல வேண்டும். கோடைக்காலத்தில் காலை பத்து மணிக்கெல்லாம் பேட்டரி நிரம்பத் தொடங்கி, பிற்பகலுக்குள் முழுமையடைந்துவிடுகிறது; இரவில் குளிர்ப்பெட்டி, மூன்று மின்விசிறிகள், விளக்குகள், கைப்பேசிகள் ஆகியவற்றை விடியும்வரை தாங்குகிறது. மழைக்காலத்தில், குறிப்பாக ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், தகடுகள் பாதிக்கும் குறைவாகவே தருகின்றன; அது பொருளின் குற்றமன்று, நம் ஊர் வானத்தின் இயல்பு. பொருளின் குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடத் தொடங்கும் நொடியில் இழுக்கும் மின்சாரத்தை இந்த இன்வெர்ட்டரால் தாங்க முடியவில்லை. சிவப்பு விளக்கு எரிந்து, வீடு முழுவதும் ஒருமுறை இருண்டு, பிறகு தானாகவே மீள்கிறது. 3 கிலோவாட் என்று அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருப்பது சீராக ஓடும்போது கிடைக்கும் அளவு என்பதை விற்றவர் சொல்லவில்லை. கையேட்டின் சீனப் பகுதி தடிமனாகவும் ஆங்கிலப் பகுதி மூன்று தாளாகவும் இருக்கிறது. கைப்பேசிச் செயலியோ, சீனத் தொலைபேசி எண்ணைக் கேட்டுவிட்டு அதற்கு மேல் நகர மறுக்கிறது.

மாட்டும் வேலை நடந்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேட்டரியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாளைக் கண்ணாடி போட்டுப் படித்தார். எண்பதைக் கடந்தவர்; 1964-இல் அவர் குடும்பத்தின் துணிக்கடை அரசுடைமையானதைக் கண்ணால் கண்டவர். “ஏன் தம்பி, இது சோசலிச நாட்டுச் சாமான்தானே? அப்போ இதை விக்கிறதுக்கு இத்தனை முதலாளி எப்படி வந்தான்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒழுங்காக விடை தேடாமல் இந்தப் பொருளை மதிப்பிட முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் இதன் விலையும் தரமும் குறையும் அந்த நாட்டின் அமைப்பிலிருந்தே பிறந்திருக்கின்றன.

மாமாவின் கேள்விக்குப் பின்னால் நம் ஊர் அனுபவம் இருக்கிறது. 1962 மார்ச் 2 அன்று ஆட்சியைப் பிடித்த நே வின் தலைமையிலான இராணுவம், அடுத்த மாதமே ‘சோசலிசத்துக்கான பர்மியப் பாதை’யை அறிவித்தது. 1963-இல் வங்கிகள் போயின. 1964-இல் கடைகள் போயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாயின. நம்மவர்களில் பெருந்தொகையினர் சென்னைக்குக் கப்பல் ஏறினார்கள். தனியார் கடைகள் இருந்த இடத்தில் ‘மக்கள் கடை’கள் வந்தன, அவற்றில் சரக்கு இல்லாத நாட்களில் கள்ளச்சந்தையில் எல்லாம் கிடைத்தன. 1985-இலும் 1987-இலும் மறுபடி நோட்டுகள் செல்லாமல் போயின; 1987 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் அவை பர்மாவை மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் சேர்த்தது. இதில் இளையவர்கள் பலர் அறியாத ஒன்று உண்டு: அந்த ஆட்சியை நடத்தியது கம்யூனிஸ்டுக் கட்சி அன்று. பர்மியக் கம்யூனிஸ்டுக் கட்சி, சீனாவின் உதவியோடு, அதே ஆட்சியை எதிர்த்து 1989 வரை காட்டில் போரிட்டுக்கொண்டிருந்தது. ஆக, சந்தையை ஒழிப்பதே சோசலிசம் என்றால் நம் ஊரில் அது வந்துவிட்டிருக்க வேண்டும். ஆலையிலும் கடையிலும் முதலாளி இருந்த நாற்காலியில் இராணுவ அதிகாரி உட்கார்ந்தார். கூலிக்காரன் கூலிக்காரனாகவே இருந்தான். சந்தை இல்லாமை சோசலிசத்துக்குச் சான்றாகாதென்றால், சந்தை இருப்பது மட்டும் சோசலிசம் இல்லை என்பதற்குச் சான்றாகிவிடாது. இதைச் சீனாவுக்குச் சாதகமாகவே முதலில் சொல்லி வைக்கிறேன்.

சீனாவின் அரசியலமைப்புச் சட்டம் முதல் பிரிவிலேயே தன்னைச் சோசலிச அரசு என்கிறது. ஆறாம் பிரிவு, உற்பத்திக் கருவிகளின் பொதுவுடைமையே பொருளாதாரத்தின் அடிப்படை என்கிறது. 1993-இல் திருத்தப்பட்ட பதினைந்தாம் பிரிவு, அரசு ‘சோசலிசச் சந்தைப் பொருளாதார’த்தை நடத்துகிறது என்கிறது. திட்டமும் சந்தையும் வெறும் கருவிகளே, அவை சோசலிசத்தையும் முதலாளியத்தையும் பிரிக்கும் கோடு அல்ல என்பது 1992-இல் தென்சீன நகரங்களைச் சுற்றிவந்த தென்னகப் பயணத்தின்போது சீனத் தலைவர் தெங் சியாவ்பிங் வைத்த வாதம். அதற்கு முன்பே, 1987-இல் நடந்த சீனக் கம்யூனிஸ்டுக் கட்சியின் பதின்மூன்றாம் மாநாட்டில், சீனா சோசலிசத்தின் தொடக்க நிலையிலேயே இருக்கிறது, அந்த நிலை நெடுங்காலம் நீடிக்கும் என்று கட்சி அறிவித்துவிட்டது. இந்த வாதத்துக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. 1921-இல் லெனின் புதிய பொருளாதாரக் கொள்கையைக் கொண்டுவந்து சிறு வணிகத்துக்கும் தனியார் தொழிலுக்கும் இடம் கொடுத்தபோது, வங்கியும் பெருந்தொழிலும் அயல் வணிகமும் அரசின் கையில் இருக்கும்வரை பின்வாங்கலாம் என்றே கருதினார். அந்தக் கொள்கை நடப்பில் இருந்த 1926-இல் தெங் மாஸ்கோவில் மாணவராக இருந்தார் என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

இனி, எங்கள் கூரைக்கு வருவோம். இந்தத் தொகுதி ஏன் இவ்வளவு மலிவு? சோலார் தகடு உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்திலும் உலகின் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட திறன் சீனாவிடம் இருப்பதாகப் பன்னாட்டு ஆற்றல் முகமை 2022-இல் கணக்கிட்டது. இதைச் செய்பவை பெரும்பாலும் தனியார் நிறுவனங்கள். பேட்டரி உற்பத்தியில் உலகில் முதலிடம் வகிக்கும் சிஏடிஎல்லும் தனியார் நிறுவனமே; அதன் நிறுவனர் சீனாவின் பெரும் செல்வந்தர்களில் ஒருவர். ஆனால் அவை தனியாக நிற்கவில்லை. நிலம் நகராட்சி தருகிறது; கடன் அரசு வங்கி தருகிறது; ஐந்தாண்டுத் திட்டம் திசை காட்டுகிறது; எங்கள் மாகாணத்திலும் ஓர் ஆலை வேண்டும் என்று ஒவ்வொரு மாகாணமும் போட்டி போடுகிறது. 2020-இல் நொடிந்துகொண்டிருந்த நியோ என்ற மின்கார் நிறுவனத்தில் 700 கோடி யுவான் முதலீட்டைத் திரட்டி அதைத் தூக்கி நிறுத்தியது ஹெஃபெய் நகராட்சி. விளைவு, தேவைக்கு மிஞ்சிய உற்பத்தி. 2023-இல் மட்டும் தகடுகளின் உலகச் சந்தை விலை ஏறத்தாழப் பாதியாக விழுந்தது. திட்டமிட்ட பொருளாதாரம் என்ற சொல்லைக் கேட்டு அளந்து செய்வார்கள் என்று நினைப்பவர்கள் இந்த வெள்ளத்தைப் பார்க்க வேண்டும். திட்டம் வாய்க்காலை வெட்டுகிறது, அதில் ஓடுவது இலாபத்துக்கான போட்டிதான். அந்தப் போட்டியின் மிச்சமே சீன எல்லை வழியாகவும் கப்பல் வழியாகவும் நம் கடைகளுக்கு வந்து சேர்கிறது.

இதை வெறும் முதலாளியம் என்று சொல்லிவிடுவதும் சோம்பேறித்தனமே. நகர நிலம் முழுவதும் அரசுடையது; நாட்டுப்புற நிலம் கூட்டுடைமை. பெரிய வங்கிகள், எண்ணெய், மின்சாரம், இருப்புப்பாதை, தொலைத்தொடர்பு ஆகியவை அரசின் கையில் இருக்கின்றன. 2020 நவம்பரில் ஆன்ட் என்ற இணையப் பணப்பரிமாற்ற நிறுவனத்தின் பங்கு வெளியீட்டைக் கடைசி நேரத்தில் நிறுத்தவும், 2021-இல் தனிப்பயிற்சித் தொழிலை ஒரே ஆணையில் முடக்கவும் அந்த அரசால் முடிந்தது. பெருமுதலாளிகள் அரசைக் கண்டு இப்படி நடுங்கும் நாடுகள் மிகக் குறைவு. உலக வங்கியின் கணக்குப்படி நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 80 கோடிப் பேர் கொடிய வறுமையிலிருந்து மீண்டதையும் எந்த வாதத்தாலும் தள்ளிவிட முடியாது. மக்கள் கடையில் சோப்புக்காக வரிசையில் நின்றவர்களுக்கு இது சிறிய செய்தியன்று.

ஆனால் முதலாளியை அடக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், விடை கட்சி என்றே வருகிறது. தொழிலாளி என்று வருவதில்லை. என் தயக்கம் முழுவதும் இங்கேதான். 1975, 1978 ஆண்டுகளின் அரசியலமைப்புச் சட்டங்களில் இருந்த வேலைநிறுத்த உரிமை, சந்தைச் சீர்திருத்தம் தொடங்கிய பிறகு, 1982-இல் நீக்கப்பட்டது. அனுமதிக்கப்பட்ட தொழிற்சங்கம் ஒன்றே ஒன்று. அது கட்சிக்கு உட்பட்டது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அரசு ஆலைகளைச் சீர்திருத்தியபோது இரண்டு கோடிக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். அதை ஒட்டிய ஆண்டுகளில், 2002-இல், தனியார் தொழிலதிபர்களுக்குக் கட்சியின் கதவு முறைப்படி திறந்தது. 2018-இல் சென்சென் நகரில் ஜாசிக் ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் அமைக்க முயன்றபோது வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள், கைது செய்யப்பட்டார்கள். அவர்களுக்கு ஆதரவாக வந்த பல்கலைக்கழக மாணவர்கள் தங்களை மார்க்சியர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள். அவர்களையும் காவல்துறை பிடித்துச் சென்றது. கம்யூனிஸ்டுக் கட்சி ஆளும் நாட்டில், மார்க்சைப் படித்துவிட்டுத் தொழிலாளியின் பக்கம் நின்ற மாணவர்களுக்கு இந்த நிலை என்றால், பெயர்ப்பலகையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சீன அரசே வெளியிடும் வருமான ஏற்றத்தாழ்வுக் குறியீடு 2008-இல் 0.491-ஐத் தொட்டது; அதன்பின் சற்றே இறங்கியும் பல முதலாளிய நாடுகளைவிட உயரத்திலேயே நிற்கிறது. சோலார் தகட்டுக்கான சிலிக்கனில் பெரும்பங்கைத் தந்துவந்த, வடமேற்குச் சீனாவின் சின்சியாங்கில் கட்டாய உழைப்பு நடப்பதாகக் குற்றஞ்சாட்டி, அங்கிருந்து வரும் பொருள்களை அமெரிக்கா 2022 ஜூன் முதல் தடுத்துவருகிறது; சீனா அதை மறுக்கிறது. என் கூரையில் இருக்கும் தகட்டின் சிலிக்கன் எங்கிருந்து வந்தது என்பதை எந்தத் தாளும் சொல்லவில்லை.

பொதுத்துறை என்பதாலேயே ஒரு நிறுவனம் மக்களுடையதாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு நம் நாட்டிலேயே பாடம் உண்டு. மொனீவாவுக்கு அருகில் லெட்பதாங் செப்புச் சுரங்கத்தை நடத்திய வான்பாவ், சீன அரசுக்குச் சொந்தமான நிறுவனத்தின் கிளை. அதன் உள்நாட்டுப் பங்காளி இராணுவத்தின் வணிக நிறுவனம். நிலத்தை இழந்த உழவர்களோடு போராடிய பிக்குகள்மீது 2012 நவம்பரில் காவல்துறை வெண்பாசுபரம் கலந்த குண்டுகளை வீசியதில் பலர் தீக்காயம் அடைந்தார்கள். அந்தச் சுரங்கத்தின் இலாபம் ஒரு தனியாருக்குப் போகாமல் ஒரு சோசலிச அரசின் கணக்குக்குப் போனது என்பதில் அந்த உழவர்களுக்கு என்ன ஆறுதல் இருந்திருக்கும்?

வியட்நாமைப் பற்றியும் சிலர் கேட்கக்கூடும். 1986-இல் தோய் மோய் என்ற சந்தைச் சீர்திருத்தம் தொடங்கிய பிறகு அங்கும் இதே பாதைதான். ஆயினும் அங்கே வேலைநிறுத்தம், ஆயிரம் நிபந்தனைகளோடு என்றாலும், சட்டத்தில் இருக்கிறது. அந்த ஒரு வேறுபாடு எனக்குப் பெரிதாகவே படுகிறது.

ஆகவே மாமாவுக்கு நான் சொன்ன விடை இதுதான்: சீனாவில் இருப்பது கம்யூனிஸ்டுக் கட்சி கடிவாளம் பிடிக்கும் முதலாளியம், சோசலிசத்துக்கு வேண்டிய கருவிகள் பலவும் அதன் கையில் இருக்கின்றன, அவற்றைத் தொழிலாளியின் கையில் கொடுக்கும் எண்ணம் தென்படவில்லை. தொடக்க நிலை என்று சொல்லி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அடுத்த நிலையில் வேலைநிறுத்த உரிமை திரும்புமா, சங்கம் சுதந்திரமாகுமா என்பதைக் கட்சி எங்கும் சொல்லவில்லை. மாமா இதை ஏற்கவில்லை. “கடையைப் பிடுங்காத சோசலிசம்னா அதுவே நல்லதுதானே” என்றார். அவர் இழந்ததை நான் இழக்காததால், அந்த வாக்கியத்தோடு மல்லுக்கு நிற்க எனக்கு மனம் வரவில்லை; ஆனால் அது சீனாவைப் பற்றிய தீர்ப்பாவதைவிட நே வின்னைப் பற்றிய தீர்ப்பாகவே எனக்குக் கேட்டது.

பொருளைப் பொறுத்தவரை ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். பேட்டரிக்கு முழு மதிப்பெண். இன்வெர்ட்டருக்கும் விற்பனைக்குப் பிந்தைய சேவைக்கும் பாதி. மோட்டார் வைத்திருப்பவர்கள் 5 கிலோவாட்டுக்குக் குறைந்த இன்வெர்ட்டரை வாங்க வேண்டாம், அல்லது மோட்டாரை அரசு மின்சாரம் வரும் நேரத்துக்கென்று தனிக் கம்பியில் விட்டுவிடுங்கள். உத்தரவாதம் ஐந்து ஆண்டு என்று அட்டையில் இருந்தாலும், பழுதானால் எல்லைக்கு அனுப்பும் செலவு வாங்கியவருடையது என்று பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்தச் செலவைக் கடைக்காரர் ஏற்பதாக, பணம் கொடுக்கும் முன்பே, இரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.