வெள்ளி இரவு கோவில்பட்டிக்கு: ரயிலா, ஆம்னியா, அரசு பஸ்ஸா?

சென்னையில் வேலை பார்க்கும் தென் மாவட்டத்துக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால், ஊர் எது என்ற கேள்விக்கு அடுத்து வருவது "எதுல போறீங்க?" என்பதுதான். எனக்குக் கோவில்பட்டி. வேலை ஓஎம்ஆரில், அறையும் அங்கேயே. சனி, ஞாயிறு மட்டும்தான் விடுமுறை என்பதால், போக ஓர் இரவு, வர ஓர் இரவு என்று ஏறக்குறைய அறுநூறு கிலோமீட்டரைத் தூக்கத்தில் கடந்தாக வேண்டும். ரயில், ஆம்னி பஸ், அரசு விரைவுப் பேருந்து என்று மூன்றிலும் மாறி மாறிப் போய்வந்ததில் எனக்கென்று ஒரு கணக்கு உருவாகியிருக்கிறது.

எது சீக்கிரம் போகும் என்று நான் பார்ப்பதில்லை. வழியில் சிக்கல் இல்லாவிட்டால் மூன்றுமே ஒன்பது, பத்து மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். சனிக்கிழமை காலையில் எந்த நிலையில் இறங்குகிறேன் என்பதுதான் எனக்கு முக்கியம். வீட்டுக்குப் போய் மத்தியானம் வரை படுத்துக் கிடந்தால், கையில் இருக்கும் நேரத்தில் பாதி போச்சு. அம்மா சுட்டு வைத்த தோசையைச் சூடாகச் சாப்பிடவாவது தெம்பு வேண்டும்.

முதலில் ரயில். இதற்குத்தான் என் ஓட்டு, அதை மறைக்கவில்லை. நெல்லை எக்ஸ்பிரஸ், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் என்று வண்டிகளுக்குக் குறைவில்லை. ஸ்லீப்பர் கட்டணம் சுமார் 400 ரூபாய்தான். இந்தத் தூரத்தை இந்தக் காசுக்குக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு கடக்க வேறு வழி கிடையாது.

ஸ்லீப்பரில் எனக்குப் பிடித்த இடம் சைடு அப்பர். நெட்டையானவர்களுக்குக் கால் இடிக்கும், ஜன்னலும் கிடையாது, அதனால் பலர் அதைக் கேட்டு வாங்குவதில்லை. ஆனால் அதில் ஏறிவிட்டால் யாரும் எழுப்ப மாட்டார்கள். நடு பெர்த்தை எப்போது மாட்டுவது, எப்போது இறக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு செங்கல்பட்டு தாண்டும்போது புத்தகத்தைத் திறந்தால், விழுப்புரம் வரை நிம்மதியாகப் படிக்கலாம். வாரம் முழுக்க அறையில் நாலு பக்கம் தாண்டாத புத்தகம் இங்கே அத்தியாயம் அத்தியாயமாக நகரும். ஃபோனில் சிக்னல் விட்டு விட்டு வருவதும் ஒரு வசதிதான். விளக்கை அணைத்த பிறகு கீழே யாராவது மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் கல்யாணம், நிலம், பையனின் வேலை. அப்படியே கண் அசந்துவிடும்.

நடுராத்திரி தாண்டி ஒரு நேரத்தில் சக்கரச் சத்தம் மாறும். அதுவரை தரையில் அமுங்கி வந்த சத்தம் திடீரென்று வெட்டவெளியில் அதிரும். கொள்ளிடப் பாலம். கொஞ்ச நேரம் அடங்கி மறுபடி அதே அதிர்வு வந்தால் காவிரி. ஸ்ரீரங்கம் போய்விட்டது, அடுத்து திருச்சி. கண்ணைத் திறக்காமலே எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும் சுகம் பஸ்ஸில் கிடையாது. அப்புறம் பாதித் தூக்கத்தில் மதுரை, விருதுநகர். விடியும் நேரத்தில் கோவில்பட்டி. ஸ்டேஷன் ஊருக்குள்ளேயே இருக்கிறது. வெளியே வந்தால் டீக்கடை திறந்திருக்கும்.

இவ்வளவு நல்லது என்றால் எல்லோரும் ரயிலிலேயே போகலாமே? டிக்கெட் கிடைக்க வேண்டுமே! முன்பு 120 நாள் முன்னாடியே எடுத்து வைக்க முடிந்தது. 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாள் ஆகிவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வெள்ளிக்கிழமை வண்டிக்கு முன்பதிவு எப்போதும் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத்தான் திறக்கும். எட்டு மணிக்கு உட்காராமல் எட்டரைக்கு உட்கார்ந்தால், பண்டிகையை ஒட்டிய வாரங்களில் வெயிட்டிங் லிஸ்ட்தான். இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அலுவலகத்தை விட்டுக் கிளம்ப முடியுமா என்று இப்போதே யாருக்குத் தெரியும்?

தட்கல் இருக்கிறது. முந்தின நாள் ஏசிக்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொரு மணி. 2025 ஜூலை முதல் ஆதாரை இணைத்த கணக்கில்தான் எடுக்க முடியும், முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்டுகள் எடுக்கக் கூடாது என்று விதிகளை மாற்றியிருக்கிறார்கள். சாதாரணப் பயணிக்கு இது நல்லதுதான். ஆனாலும் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மீட்டிங் இல்லாதவர்கள் பாக்கியசாலிகள். ஆர்ஏசி கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். சைடு லோயரில் இன்னொருவரோடு உட்கார்ந்து வர வேண்டியிருந்தாலும் வண்டிக்குள் இருப்பீர்கள். வழியில் டிடிஆர் படுக்கை ஒதுக்கித் தரவும் வாய்ப்புண்டு.

அடுத்தது ஆம்னி பஸ். இதில் எனக்குப் பாதி மனசுதான். வசதி என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆப்பில் படம் பார்த்து சீட் பிடிக்கலாம், வண்டி எங்கே வருகிறது என்று வரைபடத்தில் பார்க்கலாம், ஏசி, போர்வை, சார்ஜ் போட இடம் எல்லாம் உண்டு. என் அக்கா சென்னையில் இருந்தவரை ஆம்னியைத்தான் எடுப்பாள். தனியாகப் போகும் பெண்ணுக்குப் பக்கத்து சீட்டில் பெண்தான் வருவார் என்று முன்பே தெரிவது அவளுக்குப் பெரிய விஷயம். அதை நான் இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ரயிலில் அந்த உறுதி கிடையாது.

ஆனால் அதே பஸ் அவளை விடிகாலை நாலு மணிக்கு பைபாஸில் இறக்கிவிடும். கிளீனர் வந்து "கோயில்பட்டி பைபாஸ் எறங்குறவங்க முன்னாடி வாங்க" என்று தட்டி எழுப்புவார். திருநெல்வேலி, நாகர்கோவில் போகிற வண்டிக்கு ஊருக்குள் வந்து போக நேரமில்லை. இறங்கியதும் பஸ் போய்விடும். பாலத்தடியில் ஒரு விளக்கு, நாலைந்து லாரிகள். அப்பா மூன்றரைக்கே எழுந்து, வண்டியை எடுத்துக்கொண்டு வந்து அங்கே நின்றுகொண்டிருப்பார். சர்வீஸ் ரோட்டில் எந்தப் பக்கம் இறக்குவார்கள் என்பது அன்றன்றைக்கு மாறும். அதனால் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே நிற்பார். ரயிலில் வந்தால் அவர் வீட்டிலேயே இருக்கலாம், நான் ஆட்டோ பிடித்து வந்துவிடுவேன். ஒரு பயணம் வசதியானதா என்று கேட்கும்போது, வீட்டில் இருப்பவரின் தூக்கத்தையும் சேர்த்துத்தான் நான் எண்ணுகிறேன்.

கட்டணம் தனிக் கதை. சாதாரண வாரத்தில் ஆயிரம் ரூபாய் சொச்சத்தில் கிடைக்கும் படுக்கை, தீபாவளிக்கு முந்தின இரவு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறும். வருஷா வருஷம் செய்தியில் வருகிறது, அதிகாரிகள் சோதனை நடத்துகிறார்கள், அடுத்த வருஷமும் அதே விலைதான். அப்புறம் நெடுஞ்சாலை மோட்டல். நல்ல தூக்கத்தில் இருக்கும்போது விளக்கெல்லாம் எரியும், ஏசி நிற்கும், "வண்டி இருபது நிமிஷம் நிக்கும்" என்று குரல் வரும். நாம் இறங்காவிட்டாலும் தூக்கம் இறங்கிவிடும். மேல் படுக்கையில், அதுவும் பின்னால் கிடைத்தால், பாலத்தில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் உடம்பு தூக்கிப் போடும். படிக்கவும் முடியாது. எனக்கு அந்த இரவு ஒன்றுக்கும் உதவாமல் போகிறது.

மூன்றாவது, அரசு விரைவுப் பேருந்து. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, "இந்த வாரம் போயிடலாம்" என்று தோன்றுகிறவனுக்கு இதுதான் துணை. 2023 டிசம்பர் கடைசியில் புறநகரில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தபோது, பழைய நிலையமான கோயம்பேட்டுக்கு மெட்ரோவில் போய்ப் பழகிய நண்பர்கள் கொதித்துப் போனார்கள். அம்பத்தூரிலிருந்தோ பெரம்பூரிலிருந்தோ வருகிறவர்களுக்கு அந்தக் கோபம் நியாயம்தான். ஊருக்குப் போகும் முன் நகரத்துக்குள்ளேயே ஒரு பயணம் முடிக்க வேண்டியிருக்கிறது. சிறுசேரி, கேளம்பாக்கம் பக்கம் இருக்கும் எங்களுக்கோ அது தலைகீழ். வண்டலூர் சாலையைப் பிடித்தால் நேராகப் போய்விடலாம். எதில் போவது என்று முடிவு செய்யும்போது, நீங்கள் நகரத்தில் எந்த மூலையில் இருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள்.

அரசு பஸ்ஸில் எனக்குப் பிடித்தது, கட்டணத்தை அரசு நிர்ணயிப்பது. கூட்டத்தைப் பார்த்து கண்டக்டர் விலையை ஏற்ற மாட்டார். நேரடி வண்டியில் இடம் இல்லையா, கவலை வேண்டாம். மதுரை வண்டிகள் அடுத்தடுத்து கிளம்பும். மாட்டுத்தாவணியில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு, திருநெல்வேலி வண்டியில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் கோவில்பட்டி. எந்த நேரத்தில் போய் நின்றாலும் அங்கே தெற்கே போக ஏதாவது ஒரு வண்டி நிற்கும். ஏசி இல்லாத வண்டி என்றால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். திண்டிவனம் தாண்டி வரும் இரவுக் காற்று ஆம்னியின் ஏசியைவிட எனக்கு எவ்வளவோ மேல்.

குறை உடம்பில்தான். சாய்வு இருக்கையில் பத்து மணி நேரம் உட்கார்ந்தால் சனிக்கிழமை முழுக்க இடுப்பு பேசும். முன் சீட்டுக்காரர் சாய்த்துவிட்டால் முழங்கால் தப்பாது. பேருந்தின் வயதும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. படுக்கை வசதி உள்ள அரசு பஸ்களும் இருக்கின்றன, ஆனால் கடைசி நேரத்தில் கிளம்புகிறவனுக்கு அதில் இடம் மிச்சம் இருப்பதில்லை.

வந்தே பாரத்தைப் பற்றியும் கேட்பார்கள். 2023 செப்டம்பரில் வந்த திருநெல்வேலி வண்டி எட்டு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. 2024 ஆகஸ்ட் கடைசியில் நாகர்கோவிலுக்கும் விட்டார்கள். ஆனால் முன்னது எழும்பூரில் பிற்பகலிலேயே கிளம்பிவிடும், அரை நாள் லீவு போட வேண்டும். பின்னது காலை ஐந்து மணிக்கு. ஓஎம்ஆரிலிருந்து அந்த நேரத்துக்கு எழும்பூர் போய்ச் சேர்வதே ஒரு வேலை. அப்பா அம்மாவைச் சென்னைக்கு அழைத்து வர அருமையான வண்டி. வேலைக்குப் போகிறவனின் வெள்ளி இரவுக்கு அது பொருந்தவில்லை.

இதெல்லாம் போகும் வழிக்கு. திரும்பும் வழிக்கு என் பதில் மாறாது, ரயில்தான். ஞாயிறு இரவு தெற்கிலிருந்து கிளம்பிய அத்தனை பஸ்ஸும் காரும் திங்கட்கிழமை விடிகாலையில் பரனூர் சுங்கச்சாவடியில் வந்து சேரும். அதைத் தாண்டினால் பெருங்களத்தூர். அங்கே கரையும் ஒரு மணி நேரம்தான் குளித்துவிட்டு வேலைக்குப் போக வேண்டிய நேரம். ரயில் அந்தக் கூட்டத்தைத் தொடுவதே இல்லை. தாம்பரத்தில் இறங்கி மேடவாக்கம் வழியாக சோழிங்கநல்லூர் பஸ்ஸில் ஏறினால், சாலை நிறைவதற்குள் அறைக்கு வந்துவிடலாம். பையில் அம்மா கட்டிக் கொடுத்த கடலை மிட்டாயும் நசுங்காமல் வந்து சேரும்.

அதனால் இரண்டு டிக்கெட்டில் ஒன்றுக்குத்தான் மெனக்கெட முடியும் என்றால், ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்டுக்கு மெனக்கெடுங்கள். அது திறப்பது புதன்கிழமை காலை எட்டு மணிக்கு. போவதற்கு எதுவும் கிடைக்காவிட்டால் கிளாம்பாக்கத்தில் மதுரை வண்டி நிற்கும்.