சிகாகோ போறவங்க இந்த மெக்சிகன் மியூசியத்த விட்றாதீங்க
நம்ம கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கமிருந்து புள்ளைங்கள பாக்க சிகாகோ போறவங்க அங்க பில்சன்ங்குற ஏரியாவுல இருக்குற நேஷனல் மியூசியம் ஆஃப் மெக்சிகன் ஆர்ட்டுக்கு ஒருக்கா போயிட்டு வாங்க, 1987ல தொறந்தது, டிக்கெட்டே கெடையாதுங்க, திங்கக்கெழம மட்டும் லீவு. பிங்க் லைன் ட்ரெயின்ல 18ஆம் ஸ்ட்ரீட்ல எறங்குனா ஸ்டேஷன் படிக்கட்டுலயே பெயிண்டிங் ஆரம்பிச்சிரும்.

போறதுன்னா அக்டோபர்ல போங்க. மெக்சிகோக்காரங்க செத்துப்போன சொந்தக்காரங்கள நெனச்சு கொண்டாடுற 'செத்தவங்க நாளு'க்குன்னு வருசா வருசம் எக்ஸிபிஷன் போடுறாங்க, போட்டோ, மெழுகுவத்தி, ரொட்டி, சக்கரையில செஞ்ச மண்டையோடு எல்லாம் அடுக்கடுக்கா வெச்சு அப்படியே நம்ம அமாவாச படையல்தான், சுத்தியும் செண்டுமல்லி, அந்தப் பூவோட சொந்த ஊரே மெக்சிகோதானாம், நாம என்னமோ நம்மூருப் பூவுன்னுல்ல நெனச்சிட்டிருக்கோம். அந்த ஏரியா குடும்பங்களும் பக்கத்து பார்க்குல அவங்கவங்க வீட்டு ஆளுக்கு படையல் வெக்கிறாங்க, அதையும் பாருங்க. உள்ள இருக்குற கடையில மண்பொம்ம அழகுதான், வெலதான் கொஞ்சம் கூட.