மனு நடையா, வாட்ஸ்அப் நடையா? மின்னஞ்சலில் எது மரியாதை

கடலூர் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதிப் பழகிய கை என்னுடையது. அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா, வணக்கம். இப்போது புதுச்சேரியில் கணினிக் கடை வைத்துப் பிறருக்காக மின்னஞ்சல் எழுதுகிறேன். பெரியவர்கள் மனு நடையைக் கேட்கிறார்கள். பிள்ளைகள் வாட்ஸ்அப் நடையில் அனுப்பிவிட்டு, பதில் வராதபோது என்னிடம் வருகிறார்கள்.

அப்படி வந்த ஓர் இளைஞர், தன் பழைய நிறுவனத்துக்கு அனுப்பியதைக் காட்டினார். பொருள் வரி காலி. உள்ளே ஒரே வரி: "அனுபவச் சான்றிதழ் இன்னும் ஏன் வரவில்லை???" சிரித்த முகத்தோடு நேரில் கேட்டிருந்தால் யாரும் தவறாக எடுத்திருக்க மாட்டார்கள். திரையில் அந்த மூன்று கேள்விக்குறிகளும் சண்டைக்கு நிற்கின்றன. மாற்றி எழுதினோம். பொருள்: "அனுபவச் சான்றிதழ் வேண்டுதல்", பக்கத்திலேயே பணியாளர் எண். உள்ளே: "ஐயா, வணக்கம். மார்ச் 31 அன்று பணியிலிருந்து விலகினேன். சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை. இம்மாதம் 20-ஆம் தேதிக்குள் அனுப்பி உதவ வேண்டுகிறேன்." படிப்பவர் எதையும் தேட வேண்டியதில்லை.

இதில் பொருள் வரியும் வணக்கமும் மனு நடையின் கொடை. ஆனால் அதிலும் குறை உண்டு. குடும்பக் கஷ்டம் முழுவதையும் சொல்லி முடித்த பிறகுதான் கோரிக்கையே வரும். இன்னொன்று, நகல். மனுவின் அடியில் "நகல்: முதலமைச்சரின் தனிப்பிரிவு" என்று போடுவது நம் ஊர் வழக்கம். அதே பழக்கத்தில் முதல் மின்னஞ்சலையே மேலதிகாரிக்கும் நகலாக அனுப்பினால், அதைப் பெறுகிற எழுத்தர் மிரட்டலாகவே எடுத்துக்கொள்வார்.

பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் குடும்பங்களுக்கு எழுதும்போது மூன்றாவது நடை ஒன்றைக் கற்றேன். முன்பின் தெரியாத அலுவலகம் என்றால் "மதாம், முஸ்யே" (அம்மா, ஐயா) என்று தொடங்க வேண்டும். நம் "நீ, நீங்கள்" போல அங்கே "த்யு, வூ". அலுவலகக் கடிதத்தில் "வூ"தான். காகிதக் கடிதத்தின் முடிவில் வருகிற நீண்ட வணக்க வாக்கியம், மின்னஞ்சலில் பெரும்பாலும் "கோர்தியால்மான்" (ஏறக்குறைய நம் "அன்புடன்") என்ற ஒரே சொல்லாகச் சுருங்கிவிட்டது. மரியாதை குறைந்ததாக யாரும் நினைப்பதில்லை. நம் மனுவையும் இப்படியே சுருக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்: "பணிவுடன் சமர்ப்பித்து" என்பதெல்லாம் போகட்டும், பொருள், வணக்கம், கோரிக்கை, பெயர் இருக்கட்டும். பழகியவருக்கு எழுதும் இரண்டாவது, மூன்றாவது பதிலில் வாட்ஸ்அப் சுருக்கம்கூடப் பொருந்தும்.

1995-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1855 என்ற இணைய நடத்தைக் குறிப்பு, ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினால் கத்துவது போலிருக்கும் என்கிறது. தமிழில் பெரிய எழுத்து இல்லை. நாம் ஆச்சரியக்குறியால் கத்துகிறோம். உணர்ச்சி வேகத்தில் எழுதும் பதிலை ஓர் இரவு கழித்து அனுப்பச் சொல்வதும் அதே குறிப்புதான். கோபத்தோடு வருகிறவர்களின் கடிதத்தை நான் வரைவில் வைத்துவிட்டு, மறுநாள் காலை வரச் சொல்கிறேன். வந்ததும் பெரும்பாலும் அவர்களே முதல் வரியை அழிக்கச் சொல்கிறார்கள்.