உப்பிய கெபாசிட்டர்: ஒன்றை மட்டும் மாற்றவா, போர்டையே மாற்றவா?

டிவியோ மானிட்டரோ ஒரு நாள் சட்டென்று ஓடாமல் அடம்பிடிக்கும். சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கும், உள்ளே 'டிக் டிக்' என்று சத்தம் கேட்கும், நாலைந்து முறை முயன்ற பிறகு படம் வரும். சில வாரங்களில் அதுவும் நின்றுவிடும். பின்மூடியைக் கழற்றினால் பவர் சப்ளை போர்டில் ஓரிரு கெபாசிட்டர்களின் (மின்னூட்டத்தைச் சேர்த்துவைத்துத் தரும் குப்பி வடிவப் பாகங்கள்) தலை உப்பியிருக்கும். இதுவரை எல்லார் வீட்டிலும் ஒரே கதைதான். இங்கிருந்து நான்கு வழிகள் பிரிகின்றன. உப்பியதை மட்டும் மாற்றலாம், அந்தப் பகுதியில் இருப்பவற்றை மொத்தமாக மாற்றலாம், போர்டில் உள்ள எல்லா எலக்ட்ரோலிட்டிக் (மின்பகு திரவம் உள்ள) கெபாசிட்டர்களையும் மாற்றலாம், அல்லது போர்டையே கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தலாம்.

நான்கையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலான செட்டுகளுக்கு இரண்டாவது வழிதான் சரி. காரணம் கெபாசிட்டர் சாகும் விதத்தில் இருக்கிறது.

அந்தச் சின்ன அலுமினியக் குப்பிக்குள் இருப்பது மெல்லிய அலுமினியத் தகடும், மின்பகு திரவத்தில் ஊறிய காகிதமும் சேர்த்துச் சுருட்டிய ஒரு சுருள். சூட்டில் அந்த ஈரம் அடியிலுள்ள ரப்பர் அடைப்பின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். ஈரம் குறையக் குறைய, கெபாசிட்டருக்குள் தொடராக நிற்கும் மின்தடை ஏறும். இதைத்தான் இ.எஸ்.ஆர். என்கிறார்கள். நல்ல நிலையில் 0.05 ஓம் உள்ள ஒன்றில் 1 ஆம்பியர் அலைவு மின்னோட்டம் ஓடினால் 0.05 வாட்தான் சூடு. அதுவே 0.5 ஓமாக ஏறினால் அரை வாட். விரல்நுனி அளவுக் குப்பிக்கு அது பெரிய சூடு. சூடு ஈரத்தை இன்னும் வற்றவைக்கும், வற்றியது இன்னும் சூடேறும். உள்ளே வாயு சேர்ந்து, தலையில் கீறிவைத்திருக்கும் கோடு பிளக்கும். அப்போதுதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது.

உப்பாமலே வற்றிச் செத்தவையும் நிறைய. முதல் வழியின் பலவீனம் இதுதான். ஒரே வோல்டேஜ் தடத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு கெபாசிட்டர்களும் ஒரே நாளில் ஒரே சூட்டில் வேலைக்கு வந்தவை. ஒன்று உப்பியது என்றால் மற்றது நலமாக இருக்கிறது என்று பொருளில்லை. என் மானிட்டரில் உப்பிய ஒன்றை மட்டும் மாற்றி மூடினேன். நான்கே மாதத்தில் அதே சிவப்பு விளக்கு மினுக்கியது. மறுபடி திறந்து அளந்தபோது, பார்வைக்குப் பளபளவென்றிருந்த பக்கத்துக் கெபாசிட்டர் முழுக்க வற்றிப்போயிருந்தது.

அளந்ததும் சாதாரண மல்டிமீட்டரால் அல்ல. மல்டிமீட்டர் கொள்ளளவை மட்டும் பார்க்கும், அதுவும் குறைந்த அதிர்வெண்ணில். 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் அதில் 900 என்று காட்டும், நாமும் பரவாயில்லை என்று விட்டுவிடுவோம். இ.எஸ்.ஆர். மீட்டரோ 100 கிலோஹெர்ட்ஸ் அளவில் சோதிக்கும். பவர் சப்ளை உண்மையில் வேலை செய்வது அந்த வட்டாரத்தில்தான். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், ரிப்பேர் வேலைக்கு இ.எஸ்.ஆர். மீட்டரையே வாங்கச் சொல்வேன்.

இன்னொரு கள்ளனும் உண்டு. சப்ளையை இயக்கும் ஐசிக்குப் பக்கத்தில் 22 அல்லது 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் என்று ஒரு பொடிக் கெபாசிட்டர் இருக்கும். அது உப்புவது அபூர்வம். செட் பல மாதம் பிளக்கில் இருந்தபடி நன்றாக ஓடும். ஒருமுறை கரன்ட் போய் வந்தால் எழுந்திருக்காது. தொடங்கும் நொடியில் ஐசிக்குத் தேவையான மின்னூட்டத்தைத் தரும் தெம்பு அதற்குப் போய்விட்டது, அவ்வளவுதான். உப்பியதை மட்டும் தேடுபவர் இதைக் கண்டுபிடிக்கவே மாட்டார். ஆகவே நான் சொல்லும் இரண்டாவது வழியில் வெளியீட்டுப் பக்கத்து வடிகட்டும் கெபாசிட்டர்கள் எல்லாமும் இந்தப் பொடியனும் அடங்கும். பெரும்பாலும் ஐந்தாறு, மிஞ்சினால் எட்டு. ஒரு மாலை நேர வேலை.

அப்படியானால் எல்லாவற்றையும் மாற்றிவிடலாமே என்று கேட்கலாம். மூன்றாவது வழி கேட்க நன்றாக இருக்கும், கையில் எடுத்தால் வேறு கதை. ஈயத்தை உருக்கி ஒவ்வொரு காலாக உருவும்போதும் தாமிரத் தடம் பெயரக்கூடும். ஒன்றைத் தலைகீழாகப் போட்டாலும் அது வெடிக்கும். முப்பது கெபாசிட்டர் மாற்றினால் அந்த ஆபத்தும் முப்பது மடங்கு. சூடில்லாத மூலையில் ஒலிச் சமிக்ஞையைக் கடத்திக்கொண்டிருக்கும் கெபாசிட்டர் இருபது வருடமானாலும் நல்லபடியாக இருப்பதை அளந்து பார்த்திருக்கிறேன். நன்றாக இருப்பதைக் கழற்றுவது ரிப்பேர் ஆகாது.

இதற்கு இரண்டு விதிவிலக்குகள். 2000களின் தொடக்கத்தில் வந்த கணினி மதர்போர்டுகள் பலவற்றில் மின்பகு திரவத்தின் கலவையே தவறாக இருந்தது. அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயு சேர்ந்து, சூடில்லாத இடத்தில் இருந்தவைகூட உப்பின. அப்படிப்பட்ட போர்டில் உப்பியவற்றின் அதே பிராண்டு எங்கே இருந்தாலும் எடுத்துவிட வேண்டும். மற்றது 1990களின் கேம்கார்டர் போன்றவற்றில் உள்ள போர்டின் பரப்பிலேயே ஒட்டிய குட்டிக் குப்பிகள். அவை கசிந்து தடங்களை அரிக்கும். அவற்றை மொத்தமாக மாற்றி, போர்டைக் கழுவிச் சுத்தம் செய்வதே நல்லது.

நான்காவது வழியான போர்டு மாற்றம் எல்லாவற்றிலும் வேகமானது. நான்கு ஸ்க்ரூ, மூன்று கனெக்டர், முடிந்தது. கடைகளில் இதையே விரும்புவதற்குக் காரணமும் அந்த வேகம்தான். ஆனால் பழைய மாடலுக்குக் கிடைக்கும் போர்டு பெரும்பாலும் திரை உடைந்த இன்னொரு செட்டிலிருந்து கழற்றியது. அதன் கெபாசிட்டர்களுக்கும் உங்கள் போர்டின் வயதுதான். நோயாளிக்குப் பதில் அதே நோய் வரவிருக்கும் இன்னொருவரைக் கூட்டிவருவதுபோல. போர்டு கருகியிருந்தால், தடங்கள் அரித்துப்போயிருந்தால், மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட்டோடு ஐசியும் சேர்ந்து வெடித்திருந்தால் போர்டை மாற்றுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. அப்போதும் பழைய போர்டு வந்தால் பொருத்துமுன் அதன் கெபாசிட்டர்களை அளந்துவிடுங்கள்.

எதைப் போடுவது என்பதிலும் போட்டி இருக்கிறது. குப்பியின் மேல் 85 டிகிரி அல்லது 105 டிகிரி என்று எழுதியிருக்கும். அந்த வெப்பநிலையில் அது தாங்கும் நேரம் 2000 மணி என்று வைப்போம். சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது பொதுக்கணக்கு. 65 டிகிரி சூட்டில் தினம் 8 மணி நேரம் ஓடும் செட்டில் 85 டிகிரி வகைக்கு 8,000 மணி, அதாவது மூன்று வருடத்துக்கும் குறைவு. 105 டிகிரி வகைக்கு 32,000 மணி, ஏறக்குறைய 11 வருடம். கூடச் செலவாகும் சொற்பத் தொகைக்காக இங்கே தயங்கவே கூடாது. பவர் சப்ளை வெளியீட்டில் லோ இ.எஸ்.ஆர். வகையாகவும் இருக்க வேண்டும். மைக்ரோஃபாரட் பழையதே இருக்கட்டும். வோல்டேஜ் ஒரு படி கூடலாம், குறையவே கூடாது. பழைய போர்டிலிருந்து பிடுங்கியது வேண்டாம். பெரிய உறைக்குள் சின்னக் குப்பியை ஒளித்துவைத்த போலிகளும் உலவுகின்றன, நம்பகமான இடத்தில் வாங்குங்கள்.

திரவமே இல்லாத பாலிமர் வகையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். மதர்போர்டில் பிராசஸரைச் சுற்றி அது அருமையான தேர்வு, வற்றுவதற்கு ஈரமே கிடையாது. ஆனால் வோல்டேஜை ஒரே அளவில் வைக்கும் சில ரெகுலேட்டர்கள் நிலையாக ஓடுவதற்கு வெளியீட்டுக் கெபாசிட்டரின் இ.எஸ்.ஆரையே நம்பியிருக்கும். அங்கே மிகக் குறைந்த இ.எஸ்.ஆர். போட்டால் வோல்டேஜ் அலையத் தொடங்கிவிடும். கசிவு மின்னோட்டமும் பாலிமரில் கூடுதல். சர்க்யூட் தெரியாத இடத்தில் நான் பாலிமரைப் போடுவதில்லை.

மின்னிணைப்புக்குக் குறுக்கே நிற்கும் எக்ஸ்2, அதற்கும் எர்த்துக்கோ வெளியீட்டுப் பக்கத்துக்கோ இடையே நிற்கும் ஒய் ஆகிய பாதுகாப்புக் கெபாசிட்டர் வகைகளுக்கு மாற்று யோசிக்க வேண்டாம். அதே பாதுகாப்பு வகையையே போடுங்கள்.

கை வைக்குமுன் ஒன்று. மின்னுள்ளீட்டுப் பக்கத்தில் நிற்கும் பெரிய குப்பி, 230 வோல்ட் இணைப்பில் ஏறக்குறைய 325 வோல்ட் வரை ஏறியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது இறங்காமல் இருக்கலாம். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் ஆபத்தானது. தீப்பொறி தெறிக்கும், தடம் எரியும். 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரைக் காப்பிட்ட கம்பிகளோடு சேர்த்து இரண்டு கால்களிலும் சில நொடி பிடித்து, பிறகு மீட்டரில் பூஜ்ஜியம் வந்ததா என்று பார்த்த பின்பே தொடுங்கள். கழற்றுமுன் போர்டைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். குப்பியில் கோடு போட்ட பக்கம் எதிர்முனை (மைனஸ்). போர்டில் அச்சிட்ட குறியோ கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

வேலை முடிந்ததும் நேரே பிளக்கில் செருகாதீர்கள். 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து அதன் வழியாகக் கரன்ட் கொடுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் செட்டை நேரடி இணைப்புக்கு மாற்றலாம். மங்காமல் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெரிய குப்பியின் மின்னூட்டத்தை மறுபடி இறக்கி, முதலில் நீங்கள் போட்ட கெபாசிட்டர்களின் திசையைப் பாருங்கள்.