தொடைக்கு வாங்குங்கள், இடுப்பைப் பிடித்துக்கொள்ளலாம்: அத்லெடிக் டேப்பர் பேன்ட் பற்றி

இடுப்புக்குச் சரியாக இருக்கிற 32 சைஸ் பேன்ட் தொடையில் ஏறாது. தொடைக்குச் சரியாக இருக்கிற 34-ஐப் போட்டால் இடுப்பில் பின்பக்கம் ஒரு கையை முழுசாக நுழைக்கலாம், பெல்ட்டை இறுக்கினால் துணி அங்கே கொசுவிக்கொண்டு நிற்கும். சைக்கிள் மிதிப்பவர்கள், ஜிம்மில் ஸ்குவாட் போடுபவர்கள், உடல்வாகே அப்படி அமைந்தவர்கள் எல்லோருக்கும் இது பழகிப்போன தொல்லை. இவர்களை மனதில் வைத்து வந்ததுதான் அத்லெடிக் டேப்பர் ஃபிட். சீட்டிலும் (உட்காரும் பின்பகுதி) தொடையிலும் தாராளமாகத் துணி விட்டு, முட்டிக்குக் கீழே குறுக்கிக்கொண்டே போவார்கள். ஜீன்ஸில் லீவைஸ் 541 இதற்குப் பலருக்கும் தெரிந்த உதாரணம், காட்டன் சினோஸிலும் இதே வெட்டு வேறு வேறு பெயர்களில் கிடைக்கிறது. எனக்குத் தொடை கனம், அன்றாடம் போடுவதும் இந்த ஃபிட்தான். எனவே பெயரை விட்டுவிட்டு வெட்டைப் பற்றிச் சொல்கிறேன், அது யாருக்கு ஒத்துவரும், யாருக்கு வராது, டெய்லரிடம் கொடுத்து எதைச் சரிசெய்யலாம் என்று.

நின்றுகொண்டு கண்ணாடியில் பார்த்தால் ஸ்லிம் ஃபிட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. உட்கார்ந்தால் தெரியும். தொடைக்குப் போதாத பேன்ட்டில் ஜிப்புக்குக் கீழிருந்து இரண்டு பக்கமும் விசிறி விரித்தது போலச் சுருக்கக் கோடுகள் ஓடும், பக்கவாட்டுப் பாக்கெட்டின் வாய் திறந்துகொண்டு நிற்கும், பாக்கெட்டில் இருக்கிற போனை எடுக்க எழுந்து நிற்க வேண்டிவரும். அத்லெடிக் டேப்பரில் இது எதுவும் இல்லை. மாடிப்படி ஏறும்போது முட்டிக்கு மேலே துணி பிடித்து இழுப்பதில்லை. கவட்டைத் தையல் சீக்கிரம் கிழிவதும் நின்றது, இது எனக்குப் பெரிய நிம்மதி, ஏனென்றால் தொடை உரசி உரசி அந்த இடம்தான் எப்போதும் முதலில் போகும்.

ஆனால் இந்த ஃபிட் ஒரு விஷயத்தைத் தானாகவே முடிவு செய்துகொள்கிறது: தொடை பெரிதாக இருந்தாலும் கெண்டைக்கால் அளவாகத்தான் இருக்கும் என்று. இரண்டுமே பெரிதாக இருப்பவர்களுக்கு இது உதவாது. சோதித்துப் பார்ப்பது சுலபம். ட்ரயல் ரூமில் உட்கார்ந்து எழுந்திருங்கள், கையால் துணியை இழுத்துவிடாமல் பக்கவாட்டில் திரும்பிக் கண்ணாடியைப் பாருங்கள். பின்பக்கத் துணி கெண்டைக்காலின் மேட்டிலேயே மாட்டிக்கொண்டு நின்றால், முட்டிக்குப் பின்னால் துணி திரண்டு இருந்தால், அந்த பேன்ட் உங்களுக்கு வேண்டாம். நடக்கும்போது நாள் முழுக்க அது அப்படியேதான் மேலே ஏறி நிற்கும். என் கணக்கில், கெண்டைக்கால் எங்கே அதிகப் பருமனாக இருக்கிறதோ அங்கே பேன்ட்டின் சுற்றளவு காலைவிடக் குறைந்தது ஒன்றரை அங்குலமாவது கூட இருக்க வேண்டும். கால் 16 அங்குலம் என்றால் பேன்ட் அந்த இடத்தில் பதினேழரை. இப்படி இரண்டுமே பெரிதாக இருப்பவர்களுக்கு, குறுகாமல் நேராக இறங்கும் ஸ்ட்ரெய்ட் ஃபிட்தான் ஒரே வழி.

ஸ்ட்ரெய்ட் ஃபிட்டைப் பலர் அப்பா காலத்து பேன்ட் என்று ஒதுக்கிவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. லீவைஸ் 501 அந்த எண்ணை 1890-இலிருந்து சுமந்துகொண்டு இன்னும் விற்கிறது என்றால் சும்மா இல்லை, நேராக இறங்கும் கால் எந்த வடிவக் காலையும் மறைத்துவிடும். அதைவிட முக்கியம், டெய்லருக்கு அதில் வேலை செய்யத் துணி இருக்கிறது. ஸ்லிம் பேன்ட்டைப் பெரிதாக்க முடியாது, ஸ்ட்ரெய்ட்டை உங்கள் காலுக்கு ஏற்றபடி எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் குறைக்கலாம். கெண்டைக்கால் பெரிதாக இருப்பவர்கள் முட்டியிலிருந்து பிடிக்க (துணியை உள்ளே வாங்கித் தைத்துக் குறைக்க) சொல்லாமல், கெண்டைக்காலைத் தாண்டிய பிறகு லேசாக உள்ளே வரும்படி பிடிக்கச் சொல்லுங்கள், நன்றாக விழும்.

ஒல்லிக் கால்காரர்கள் ஸ்கின்னியை விட்டு வெளியே வர வேண்டும். என் தம்பிக்குக் கால் ரொம்ப மெலிவு, அவனுக்கு ஸ்லிம்மைவிட ஸ்ட்ரெய்ட் வாங்கி பாட்டத்தை, அதாவது காலின் கீழ்வாய் அகலத்தை, மட்டும் சற்றுக் குறைத்தது பல மடங்கு நன்றாக அமைந்தது. அதோடு கனமான ட்வில் (சாய்கோடு தெரியும் நெசவு) துணி, மெல்லிய துணி என்றால் காலோடு ஒட்டிக்கொண்டு எலும்பைக் காட்டிவிடும். வில்போல் வளைந்த கால் உள்ளவர்களுக்கும் துணிதான் முதல் விஷயம். ஸ்ட்ரெட்ச் கலந்தது வேண்டாம், வளைவை அப்படியே வரைந்து காட்டும். கொஞ்சம் விறைப்பான காட்டனில், தொடையிலிருந்து பாட்டம் வரை நேராக இறங்கும் கால். முட்டி இரண்டும் ஒட்டும் கால் என்றால் முட்டி அளவில் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள், குறுக்குவதை முட்டிக்கு நன்றாகக் கீழே ஆரம்பிக்கட்டும்.

குட்டைக் கால் உள்ளவர்களுக்கு யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. டேப்பர் பேன்ட்டின் அழகே கடைசி சில அங்குலத்தில்தான் இருக்கிறது. 32 அங்குலக் கால் நீளத்தை 28-க்கு வெட்டினால் மிகக் குறுகலான அந்தப் பகுதிதான் குப்பைக்குப் போகிறது. மிஞ்சுவது அகலமான பாட்டம். போதாததற்கு, பேன்ட்டில் முட்டிக்கு என்று வைத்த இடம் உங்கள் முட்டிக்குக் கீழே போய்விடும். அதனால் நீளத்தை மட்டும் வெட்டிவிட்டு வந்தால் கடையில் பார்த்த பேன்ட் இது இல்லையே என்று தோன்றும். நீளத்தைக் குறித்த பிறகு, உங்கள் முட்டியிலிருந்து புதிய பாட்டம் வரை மறுபடி பிடிக்கச் சொல்ல வேண்டும். அதற்குச் சேர்த்து ஆகும் கூலியையும் மனதில் வைத்தே வாங்குங்கள். பாட்டத்தை வெளியே மடித்து விடுவதையும் தவிர்க்கலாம், காலை இன்னும் குட்டையாகக் காட்டும்.

எந்த ஃபிட் ஆனாலும் லேபிளில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். 32 என்று எழுதியிருக்கும் பேன்ட்டை டேப் வைத்து அளந்தால் 33, 34 என்று வருவது சர்வசாதாரணம். உங்களிடம் இருப்பதில் ரொம்பப் பிடித்த பேன்ட்டை மேஜையில் தட்டையாக விரித்து அளந்து போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு, கவட்டைக்கு ஓர் அங்குலம் கீழே தொடை, முட்டி, பாட்டம், அப்புறம் முன்பக்கம் கவட்டைத் தையலிலிருந்து இடுப்புப் பட்டியின் மேல் விளிம்பு வரை. அந்தக் கடைசி அளவை ஆன்லைனில் வாங்குபவர்கள் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை, எனக்கு அதுதான் முதல் அளவு. ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் ஓரளவுக்கு டெய்லர் சரிசெய்வார், அதை முடியாது. பட்டி தாழ்வாக இருக்கிற பேன்ட்டை உயர்த்தித் தைக்கத் துணிக்கு எங்கே போவது? கவட்டை பிடிக்கிறது, உட்கார்ந்தால் பின்பக்கம் இறங்குகிறது என்றால், கலர் எவ்வளவு பிடித்திருந்தாலும் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இனி ஆல்டரேஷன். இடுப்பைப் பின்பக்க நடுத்தையலில் பிடிப்பார்கள். இரண்டு அங்குலம் வரை கண்ணுக்குத் தெரியாது. அதற்கு மேல் போனால் பின்பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று தேடி நெருங்கி வந்துவிடும், பக்கத்தையலும் பின்னால் இழுபடும். பெரிதாக்குவது வேறு கதை. ரெடிமேடில் உள்ளே துணி விட்டிருக்கிறார்களா என்று பட்டியைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். ஜீன்ஸில் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும், பிரித்த இடத்தில் பழைய தையல் கோடும் வெளுக்காத நிறமும் பளிச்சென்று தெரியும்.

காலைக் குறுக்குவதில்தான் ஆளுக்கு ஆள் தரம் மாறுகிறது. அவசர ஆல்டரேஷன் செய்யும் ஓரிடத்தில் ஒரு நல்ல சினோஸைக் கொடுத்தேன். உள்பக்கத் தையல் இரட்டைத் தையல், பிரித்தால் வேலை அதிகம் என்பதால் குறைக்க வேண்டியது முழுவதையும் வெளிப்பக்கத்திலேயே பிடித்துவிட்டார்கள். போட்டு நடந்தால் கால் முறுக்கிக்கொண்டு போகிறது, தொடையில் நேராக இருக்கும் பக்கத்தையல் கணுக்காலில் முன்னால் வந்து நிற்கிறது. அரை அங்குலத்துக்கு ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் உள்பக்கம் பாதி, வெளிப்பக்கம் பாதி என்று பிரித்துத்தான் பிடிக்க வேண்டும். கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள், செய்ய மாட்டேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

இப்போது நான் கொடுக்கும் டெய்லரம்மா மேஜையில் விரித்து அளப்பதோடு நிறுத்துவதில்லை. எந்தச் செருப்பு, எந்த ஷூ போடுவீர்கள் என்று கேட்கிறார், பேன்ட்டை உள்வெளியாகத் திருப்பிப் போட்டு நிற்கச் சொல்கிறார், முட்டியில் ஒரு பின், கெண்டைக்காலில் ஒன்று, பாட்டத்தில் ஒன்று. குத்திவிட்டு உட்காரச் சொல்கிறார். கெண்டைக்காலில் பின் இழுபட்டால் அந்த இடத்தை மட்டும் தளர்த்திக் குத்துகிறார், அதற்குப் பிறகுதான் சாக்பீஸை எடுக்கிறார். என் வலது கால் இடதைவிடக் கொஞ்சம் கனம், அதை நான் சொல்லாமலே கண்டுபிடித்து இரண்டு காலுக்கும் தனித்தனியாகக் குறித்தார். இப்படிப்பட்டவர் கேட்கிற கூலியில் நான் ஒருபோதும் பேரம் பேச மாட்டேன்.

கொடுப்பதற்கு முன் பேன்ட்டைத் துவைத்துக் காயவைத்துவிடுங்கள். காட்டன் அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் சுருங்கும், நெய்யும்போது நீளவாக்கில் ஓடும் பாவு நூலை இழுத்துக் கட்டியிருப்பதால் முதல் தண்ணீரில் அது தளர்ந்துகொள்ளும். துவைக்காமல் நீளம் குறைத்துவிட்டு அப்புறம் கணுக்கால் தெரிகிறதே என்று வருத்தப்பட்டுப் பயனில்லை. ஸ்ட்ரெட்ச் கலந்த துணியில் இன்னொரு தொந்தரவு, ட்ரயலில் எல்லாமே பொருந்துவது போல இருக்கும், சில மணி நேரத்தில் முட்டி தொங்கிவிடும். துணிக்கு ஸ்ட்ரெட்ச் கொடுக்கும் எலாஸ்டேன் இழை இரண்டு சதவீதம் வரை எனக்குச் சம்மதம், அதற்கு மேல் எடுப்பதில்லை.

ஆக, தொடை பெரிது, கெண்டைக்கால் அளவு, இடுப்பு சிறிது என்பவர்கள் அத்லெடிக் டேப்பரைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், இடுப்பில் மட்டும் கொஞ்சம் பிடித்தால் போதும். மற்றவர்கள் நல்ல துணியில் ஒரு ஸ்ட்ரெய்ட் ஃபிட் எடுத்துக்கொண்டு நேராக டெய்லரிடம் போங்கள். பாட்டத்தை மடிக்கும்போது ஓர் அங்குலம் உள்ளே விட்டுத் தைக்கச் சொல்லுங்கள், ஷூ மாறினால் இறக்கிக்கொள்ளலாம்.