விண்டோஸ் அப்டேட்: அன்றைக்கேவா, ஒரு வாரம் கழித்தா, மாதக்கணக்கிலா?

மைக்ரோசாஃப்ட் மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்பு அப்டேட்களை வெளியிடுகிறது. அன்றைக்கே போடுவதா, ஒரு வாரம் பொறுப்பதா, வேலை ஓய்ந்ததும் பார்த்துக்கொள்வதா? பழைய சம்பவங்கள் இரண்டின் தேதிகளே பதில் சொல்கின்றன.

2018 அக்டோபர் 2 அன்று வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு, சில கணினிகளில் சொந்தக் கோப்புகளையே அழித்தது. நான்கே நாளில் அதை நிறுத்திவைத்தார்கள். அதற்குள் மாட்டியவர்கள், தானாக வரும்வரை காத்திராமல் 'செக் ஃபார் அப்டேட்ஸ்' பட்டனை அழுத்தியவர்கள். ஒரு வாரம் பொறுத்திருந்தால் தப்பியிருப்பார்கள்.

கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வன்னாக்ரை வைரஸ் இதற்கு நேர்மாறு. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் 2017 மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. தாக்குதல் மே 12இல். நடுவில் 59 நாள். ஒரு மாதம் தள்ளிப் போட்டவருக்குக்கூட ஆபத்தில்லை, அதற்கும் மேல் தள்ளியவர்கள்தான் சிக்கினார்கள். ஆனால் எல்லா முறையும் இத்தனை நாள் கிடைக்காது. அப்டேட் வெளியானதுமே பழைய கோப்பையும் புதியதையும் ஒப்பிட்டு, எதை அடைத்திருக்கிறார்கள் என்று தாக்குபவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆகவே வீட்டுக் கணினிக்கு எங்கள் தேர்வு ஒரு வாரம். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், 'பாஸ் அப்டேட்ஸ்' போய் ஒரு வாரம் என்று வையுங்கள். ஐந்து வாரம்வரை தள்ள இடமுண்டு, வேண்டாம். அப்டேட் அடைக்கும் ஓட்டை வழியே ஏற்கெனவே தாக்குதல் நடக்கிறது என்று செய்தி வந்தால் ஒரு வாரமும் காத்திருக்காதீர்கள்.

பிரவுசருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. முன்பின் தெரியாத தளங்களை நாள் முழுக்கத் திறப்பது அதுதான். வந்த அன்றைக்கே போட வேண்டும். குரோம் புதிய பதிப்பைத் தானே இறக்கி வைத்தாலும், மூடித் திறந்தால்தான் அது அமலுக்கு வரும். பிரவுசரை மூடாமல் லேப்டாப்பை மட்டும் மூடி மூடி வைப்பவர்கள் வாரக்கணக்கில் பழைய பதிப்பிலேயே இருப்பது இதனால்தான்.

ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய பதிப்புக்கு ஓரிரு மாதம் பொறுக்கலாம், பழைய பதிப்புக்குப் பாதுகாப்பு அப்டேட் தொடரும்வரை. போட்டபின் சரிப்படாவிட்டால் முந்தையதற்குத் திரும்பப் பத்து நாள்தான் அவகாசம்.

கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்கு வரும் அப்டேட்டை மட்டும் காரணமின்றித் தொடக்கூடாது: பாதுகாப்பு ஓட்டையோ, கண்ணெதிரே ஒரு கோளாறோ இருக்க வேண்டும். புதிய பயாஸை எழுதும்போது நடுவில் கரண்ட் போனால் மதர்போர்டே எழாமல் போகலாம். லேப்டாப்பில் பேட்டரியும் நிறைந்திருக்கட்டும், சார்ஜரும் மாட்டியிருக்கட்டும். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் முதலில் தற்காலிகமாக நிறுத்துங்கள். இல்லையேல் மறுதொடக்கத்தில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நிற்கலாம்.